மழைப் பதிவேட்டில் ஒரு முழங்கால்

சென்ற மாதம் சுரங்கத்தின் வானிலைப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் புதிதாக வந்திருக்கும் பெண் அதிகாரி. பழைய மழைப் பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எடுத்த எடுப்பிலேயே புகழ்ந்தார். ரிட்டயர் ஆனவனை யாரும் சும்மா புகழ மாட்டார்கள், ஏதோ கேட்கப் போகிறார் என்று அப்போதே நினைத்தேன்.

"சார், மழை அளவு, காத்து, ஈரப்பதம் எல்லாம் சரியா இருக்கு. ஆனா கடைசிக் கட்டத்துல ‘கணுக்கால்’, ‘முழங்கால்’னு எழுதியிருக்கீங்க. சில நாள் ‘இல்லை’ன்னு இருக்கு. நெய்வேலி மழைக்கும் முழங்காலுக்கும் என்ன சார் சம்பந்தம்? இது யாரோட முழங்கால்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லையம்மா, எழுதித் தருகிறேன் என்றேன். அந்தப் பதிவேட்டோடு இதையும் சேர்த்து வைத்தால் நல்லது. எனக்குப் பிறகு இதைச் சொல்ல இங்கே ஆள் இல்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்பதால் பம்ப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். எட்டு வருடம் சேற்றில் நின்றேன். ஒருநாள் ஷிப்ட் நோட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, "இந்தக் கையெழுத்துக்காரனை ஏன் சேத்துல நிறுத்தி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அடுத்த மாதமே என்னை வானிலைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெற்றவர்கள் கொடுத்த உடம்பைவிடப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அடித்துத் திருத்திய கையெழுத்துதான் என்னைக் காப்பாற்றியது.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு வானிலைப் பிரிவு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் சுரங்கம் மூடிய பாதாளம் இல்லை, வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் பெரிய குழி. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையெல்லாம் அதன் அடியில் போய்த்தான் சேரும். பம்புகளையும் கேபிள்களையும் எப்போது மேலே ஏற்றுவது, ஆட்களைக் குழியின் எந்தத் தட்டில் வேலைக்கு விடுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காக வேலி போட்ட ஒரு சின்ன இடம், அதில் ஒரு மழைமானி, ஒரு வெப்பமானிப் பெட்டி, காற்றின் திசை காட்டும் கம்பம், ஒரு ஷெட். தினமும் காலை எட்டரைக்கு அளவு எடுக்க வேண்டும். சுரங்கம் வெட்ட வெட்ட நகரும், ஆகவே சில வருடங்களுக்கு ஒருமுறை நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு நகர வேண்டும். இந்த நகர்தல் பின்னால் முக்கியமாக வரும்.

கோமதி மேடம் எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக வந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. அவருக்கு முப்பதுகூட நிரம்பவில்லை. தென்காசிப் பக்கத்துக்காரர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை வேலாயுதண்ணே என்பார். பதவிக்கு நானும் வயதுக்கு அவரும் மரியாதை கொடுத்துச் சமாதானமாகப் போனோம்.

சமாதானம் என்றா சொன்னேன்? முதல் வாரம் அவர் என்னைத் தூங்கவிடவில்லை. அதுவரை நான் தினமும் ‘நாளை மழைக்கு வாய்ப்பு’ என்று ஒரு சீட்டு எழுதி அனுப்புவேன். பெய்தால் நான் சொன்னபடி பெய்தது. பெய்யாவிட்டால், வாய்ப்பு என்றுதானே சொன்னேன்? இப்படியே பல வருடம் ஒரு தப்பும் செய்யாத மனிதனாக இருந்தேன்.

"வாய்ப்புன்னா எவ்வளவு வாய்ப்புண்ணே? எதை வெச்சுச் சொல்லுதீங்க?" என்று கேட்டார். பதிவேட்டுப் பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். இடது பக்கம் ‘நினைத்தது’, வலது பக்கம் ‘நடந்தது’. நினைத்ததைக் காரணத்தோடு எழுத வேண்டும். பொய்த்துப்போனால் அழிக்கக் கூடாது. அடித்தது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மழைச் சுற்று முடிந்தது என்று எழுத, மழைமானி தொடர்ந்து மூன்று நாள் காலையில் உலர்ந்திருக்க வேண்டும். இரண்டு காலை போதாது. வெளியே போய் மழைமானியைப் பார்க்காமல் அவர் ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. குரலை உயர்த்தவும் மாட்டார். கோபம் வந்தால் பென்சில் சீவுவார். சில நாள் நல்ல பென்சில்கள் எல்லாம் கட்டைவிரல் அளவுக்குக் குறைந்துவிடும்.

ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்: "அண்ணே, மழை பெய்யும்போது சூடு வெளியாகும், தெரியுமா?"

"மழ பேஞ்சா குளுருமே மேடம்?"

"கீழ இருக்க நமக்குக் குளுரும். மேல மேகத்துக்குள்ள சூடு. கடல்லருந்து ஆவியாப் போகும்போது வாங்கின சூட்டை, தண்ணியாகும்போது அது திருப்பி விட்டுரும். இந்துமாக்கடல்ல ஒன்றரை மாசம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ பெரிய மேகக் கூட்டம் கெளம்பி, நம்ம வங்காள விரிகுடாவுக்குத் தெக்கால கடந்து கெழக்க நடந்து போகும். அவ்வளவு பெரிய கூட்டம்னா அவ்வளவு சூடு. அது மேல இருக்க காத்தை வடக்க தள்ளும். வடக்க இமயமலை உசரத்துக்கும் மேல, மேக்கருந்து கெழக்க ஒரு காத்து ஆறு மாதிரி ஓடுது. அந்த ஆறு கொஞ்சம் வளையும், நெளியும். நெளிஞ்சா அந்தப் பக்கத்துப் பனியும் மழையும் இடம் மாறும்."

நான் படித்தது பத்தாவது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார்.

"கயித்துக் கட்டில்ல இந்த முனையில ஒருத்தர் தொப்புன்னு உக்காந்தா, அந்த முனையில படுத்திருக்கவருக்கு முழிப்பு வருதுல்லா? அப்படி வெச்சுக்கோங்க. ஆனா எல்லாத் தடவையும் முழிக்க மாட்டாங்க. சிலர் நல்லாத் தூங்குவாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்றைக்கு நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நம் மழை இமயமலைக்காரனை எழுப்புகிறது என்பதே எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது. அங்கே நிஜமாகவே முழிக்கிறார்களா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார் மேடம். ஆள் எங்கள் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சுரங்க கேட்டில் காவல் நிற்கும் ஜவான்கள் பாதிப் பேர் வடக்கே இருந்து வந்தவர்கள். கேவல் ராம் இமாசலப் பிரதேசத்து மலைக் கிராமத்துக்காரர். தினமும் வீட்டுக்குப் போன் பேசுவார். கம்பெனி பஸ்ஸில் இறங்கி நான் பாஸைக் காட்டுவதற்குள், "பனி எவ்ளோ?" என்று கேட்பேன். அவர் துப்பாக்கியைத் தோளில் சரித்துக்கொண்டு தன் பூட்ஸைத் தொட்டுக் காட்டுவார். கணுக்காலைத் தொட்டால் கணுக்கால் அளவு. முழங்காலைத் தொட்டால் முழங்கால் அளவு. ஒருமுறை இடுப்பைத் தொட்டார், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இப்படித்தான் அந்தக் கடைசிக் கட்டம் பதிவேட்டுக்குள் வந்தது. நீங்கள் கேட்ட முழங்கால் கேவல் ராமுடையது.

இரண்டு குளிர்காலம் எழுதியதில் ஒன்று தெரிந்தது. நம் பக்கம் மழைக் கூட்டம் வலுவாக நிற்கும் நாட்களில் அங்கே பனி குறைவு. கூட்டம் கிழக்கே போய், இங்கே வெயில் அடிக்கத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் அங்கே பனி கூடியது. மேடம் அதைப் பென்சிலால் எழுதி, முன்னால் ‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். நான் மனதுக்குள் பேனாவால் எழுதிக்கொண்டேன், அந்தச் சொல்லை விட்டுவிட்டு.

மூன்றாவது வருடம் கேவல் ராமின் மனைவி கர்ப்பமாக இருந்தார். முதல் பிரசவம். அவர்கள் ஊர் ஒரு கணவாய்க்கு அப்பால். ஆஸ்பத்திரி கணவாய்க்கு இப்பால், கீழே உள்ள டவுனில். பெரிய பனி விழுந்தால் பாதை அடைத்துவிடும், பிறகு எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் வயதான தாய் மட்டும்தான். அதனால் இவர் போய் மனைவியைக் கணவாய் தாண்டி டவுனில் உள்ள தன் அக்கா வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். இருப்பதோ கொஞ்ச நாள் லீவு. சீக்கிரம் போனால் பிரசவத்துக்கு முன்பே லீவு தீர்ந்துவிடும். தாமதமாகப் போனால் பாதை இருக்காது. ரேடியோவில் இரண்டு மூன்று நாளைக்குத்தான் சொல்வார்கள், இவரோ ஊர் போய்ச் சேரவே நாலு நாள் ஆகும்.

"சார், நான் இந்த புதன்கிழமை போலாம்னு லீவு கேட்டிருக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா, கொழந்த பொறக்கும்போதும் கூட இருக்கலாம். பனி எப்போ வரும்? நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றார்.

அப்போது கோமதி மேடம் ஊரில் இல்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று இரண்டு வாரம் தென்காசி போயிருந்தார். எங்கள் இடமும் புதிதாக நகர்ந்திருந்தது. இன்டர்நெட் கேபிள் இன்னும் வரவில்லை, அதனால் செயற்கைக்கோள் படமும் இல்லை. எனக்கு இருந்தது மழைமானி ஒன்றுதான். பெரிய மழை சனிக்கிழமையோடு ஓய்ந்ததுபோல் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலை மழைமானியில் ஒரு மில்லிமீட்டர். செவ்வாய் காலையும் கொஞ்சம். இரவில் தூறியிருக்கும், மழை இன்னும் விடவில்லை என்று எழுதினேன். விதிப்படி மூன்று காலை உலரவில்லையே! கேவல் ராமிடம் மார்தட்டிச் சொன்னேன்.

"எங்க பக்கம் மழ இன்னும் பேஞ்சிக்கினுதான் இருக்குது, ஒரு பத்து நாளைக்கி வுடாது. வுட்டப்புறமும் பனி வர பத்து நாள் இருக்குதுங்க. அடுத்த வாரம் வுட்டுட்டு அதுக்கடுத்த திங்கக்கிழம கெளம்புங்க. தாராளமா போய்ச் சேரலாம்."

அவர் போய் லீவை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்டில் எனக்கு ஒரு சல்யூட் வேறு வைத்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. இரண்டு நாள் உலரும், மூன்றாம் நாள் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். வீட்டிலோ என் மனைவி பெட்டியில் கிடந்த கம்பளிகளையெல்லாம் எடுத்து மொட்டை மாடியில் காயப்போட்டாள். "வெயிலு நல்லா காஞ்சிக்கினு இருக்குது, இப்பவே எடுத்து வெச்சிடறேன்" என்றாள். நான் காபியைக் குடித்துவிட்டு ஆபீசுக்குப் போய் ‘லேசான மழை’ என்று எழுதினேன். வீட்டில் கம்பளி காய்கிறது, ஆபீசில் மழை பெய்கிறது. இரண்டும் ஒரே ஊரில்தான் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மேடம் திரும்பி வந்தார். வழக்கம்போல் உட்காராமல் முதலில் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நேத்து உங்க வீட்டுப் பிளாக்ல மழையா?"

கம்பளி ஞாபகம் வந்தது. அவர் மழைமானியிடம் போய் விளிம்பை விரலால் தடவி என்னிடம் நீட்டினார். விரலில் உப்புபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"மழைத் தண்ணி காஞ்சா இப்படி வெள்ளையா நிக்குமாண்ணே?"

நிமிர்ந்து பார்த்தேன். வடக்கே அனல் மின் நிலையத்தின் சூட்டுத் தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவர் இருந்தது. வாடைக் காற்று அதன் புகைபோன்ற நீராவியை நேராக எங்கள் தலைக்கு மேல் சாய்த்துக்கொண்டிருந்தது. முன்பு இருந்த இடத்தில் அந்தச் சாரல் எங்களை எட்டியதே இல்லை. குளிர்ந்த ராத்திரிகளில் அது சொட்டியதைத்தான் நான் இத்தனை நாளும் மழை என்று எழுதியிருக்கிறேன். இந்தப் புது இடத்தைக் கை காட்டியதும் நான்தான். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம் என்று காட்டினேன்.

மேடம் விரலை மடக்கி எண்ணினார். நிஜ மழை நின்று ஒன்பது நாள். நான் கேவல் ராம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் பென்சிலைத் தொடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னைக்குக் கெளம்பினாலும் பதிமூணாம் நாள்தான் போய்ச் சேருவாரு" என்றார். "போங்கண்ணே, நீங்களே போய்ச் சொல்லுங்க. ‘நான் தப்பாச் சொல்லிட்டேன்’னு அந்த வார்த்தையைச் சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க. நான் அவரோட இன்ஸ்பெக்டரைப் பாக்கேன்."

கேட்டுக்கு நடக்கும் அந்தத் தூரம் அன்றைக்கு முடியவே இல்லை. கேவல் ராம் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கணுக்காலைத் தொட்டார்.

"நான் தப்பா சொல்லிட்டேங்க. அது மழ இல்ல, டவர் தண்ணி. நீங்க இன்னைக்கே கெளம்பணும்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "லீவு அடுத்த வாரம்தானே சார் எழுதியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

காவல் இன்ஸ்பெக்டர் அறையில் மேடம் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர். ஒருமுறை மாற்றிய லீவை மறுபடி மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? "ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம், பனி வருமா வராதா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"தெரியாதா? பின்ன எதுக்கு வந்தீங்க?"

"வந்தாலும் வரலாம். வராட்டி இவருக்கு ஒரு வாரம் லீவு வீணாப் போகும். வந்து, இவர் இங்கயே நின்னாருன்னா அந்தப் பொண்ணு கணவாய்க்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிடும். ரெண்டுல எது பெருசுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. தப்பு எங்க பிரிவோடது. எழுத்துல கேட்டா எழுதியும் தாரேன்."

எங்கள் பிரிவோடது என்றார். வேலாயுதத்தோடது என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் ஊரிலேயே இல்லாதவர் அப்படிச் சொன்னார். அன்றைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த வயதில் அதைச் சொல்வதற்கு வெட்கம் இல்லை.

இன்ஸ்பெக்டர் ட்யூட்டி லிஸ்டை இழுத்து ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினார். அன்று மதியமே கேவல் ராம் விருத்தாசலத்தில் ரயில் ஏறினார். என் மனைவி காயவைத்த கம்பளிகளில் நல்லதாக ஒன்றை மடித்து, இட்லிப் பொட்டலத்தோடு கொடுத்தனுப்பினாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. நான் எட்டரைக்கு அளவெடுத்தேன், எழுதினேன், போனைப் பார்த்தேன். கேட்டில் வேறு ஜவான் நின்றார், அவரிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் காலை, அளவுக் குடுவை கையில் இருக்கும்போது போன் அடித்தது.

"சார், கீழ வந்தாச்சு" என்றார் கேவல் ராம். மூச்சு வாங்கியது. "நேத்து போனேன். ராத்திரியே கூட்டிட்டு கெளம்பிட்டேன். ஜீப்பு கணவாய் தாண்டும்போதே கொட்ட ஆரம்பிச்சுது. எங்களுக்குப் பின்னால ரோடு மூடிட்டாங்க."

"பனி எவ்ளோங்க?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"முழங்கால் சார்! முழங்கால்!"

குடுவையைக் கீழே வைத்துவிட்டு மேடத்திடம் ஓடினேன். நம் விதி ஜெயித்துவிட்டது, பேனாவால் எழுதிவிடலாமா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

"ஒரு தடவை ஒத்துப்போனா அது விதி ஆயிருமாண்ணே? நம்ம மழை போனதாலதான் அங்க பனின்னு எழுதாதீங்க. ‘ஒத்துப்போனது’ன்னு மட்டும் எழுதுங்க. முதல்ல அந்த ஒன்பது நாளைத் திருத்துங்க."

இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். ஒவ்வொரு ‘லேசான மழை’யின் மேலும் ஒற்றைக் கோடு. பக்கத்தில் ‘மழை அல்ல, டவர் சாரல்’. என் கையெழுத்துக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். நீங்கள் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்தப் பக்கம் வரும். அடித்தது படிக்கும்படி இருக்கும். அதையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

அடுத்த மாதமே வேலியைப் பிடுங்கி, டவர் சாரல் எட்டாத பக்கம் கொண்டுபோனோம். பஸ் ஸ்டாப்பிலிருந்து நல்ல நடை. அந்த நடைக்கு ஒருநாளும் நான் முணுமுணுத்ததில்லை. அடுத்த வருடக் குளிர்காலத்தில் எங்கள் விதி இரண்டு முறை பொய்த்தது. இங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தபோதே அங்கே பனி கொட்டியது. மேடம் சொன்ன ‘சிலர் நல்லாத் தூங்குவாங்க’ அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. கேவல் ராம் கணவாயைத் தாண்டியது என் அறிவால் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஓர் இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே சொன்ன ஒரு பெண்ணால். அந்த அம்மா இப்போது வேறு மாநிலத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். பொங்கலுக்கு அவரே முதலில் போன் செய்துவிடுவார், ஒரு வருடமாவது நான் முந்த வேண்டும் என்று பார்க்கிறேன், முடியவில்லை.

கேவல் ராமின் மனைவிக்குக் கீழே டவுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் சிக்கலாகி, ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஊரிலேயே இருந்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இதை அவர் என்னிடம் சொன்னது ரொம்ப வருடம் கழித்து. அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் நெய்வேலியை விட்டு மாற்றலாகிப் போய், இப்போது சொந்த ஊரிலேயே இருக்கிறார். ஒவ்வொரு குளிர்காலமும் பனி விழுந்த அன்று போன் வரும். இரண்டு மூன்று வருடமாகப் பேசுவது அந்தப் பெண்தான். எனக்கு இந்தி வராது, அவளுக்குத் தமிழ் வராது. அப்பா அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே இரண்டு தமிழ்ச் சொற்கள். அவள் பனியில் இறங்கி நின்று, குளிரில் பல் கிடுகிடுக்க, அதில் ஒன்றைக் கத்திச் சொல்வாள். நான் வீட்டில் தனியாக வைத்திருக்கும் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

சென்ற மார்கழியில் அவள் சொன்னது கணுக்கால். அன்று கேவல் ராம் போனை வாங்கி, தனக்கும் அதே அளவுதான் என்றார். பெண் அப்பா உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள்.

ஆகவே அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில்: பதிவேட்டில் உள்ள முழங்கால் கேவல் ராமுடையது. என் நோட்டில் உள்ளது அவர் மகளுடையது.